டபுள்கப்புக்கு ரெயிலர் ஹிச்: எந்த வகை, எந்த அளவு, எதில பூட்டுறது?

வடலி (கேள்வி)

எல்லாருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில ஓடுற 2.8 லீற்றர் டீசல் டபுள்கப் (நாலு கதவுப் பிக்கப்) ஒண்டுக்கு ரெயிலர் ஹிச் (பின்னால ரெயிலரைக் கொழுவி இழுக்கிற அமைப்பு) தெரிவு செய்ய வேணும்.

கதவுத் தூண் தகட்டில இருக்கிறபடி வாகனத்தின்ர உச்ச மொத்த எடை 3,000 கிலோ. வெறும் எடை 2,050. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையில 3.1 மீற்றர். இழுக்க வேண்டிய ரெயிலர் ரெண்டு. ஒண்டில 22 அடி ஃபைபர் வள்ளம், 40 குதிரைவலு இஞ்சினோட. காரைநகர், மயிலிட்டிப் பக்கம் கடலுக்குள்ள இறக்கி ஏத்துறது. ரெயிலரோட சேர்த்து 1,300 கிலோ. மற்றது 1.7 தொன் மினி எக்ஸ்கவேட்டர் (மண் கிண்டுற மெசின்) ஏத்துற ரெண்டு அச்சுத் தட்டு ரெயிலர். பக்கெட்டுகளும் சேர்த்து 2,400 கிலோ. அது ஏ9 பாதையில கிளிநொச்சி வரைக்கும் போகும். ரெண்டு எடையும் லொறி நிறுக்கிற தராசில பார்த்தது.

மூண்டு யோசனை கிடக்கு. முதலாவது, பின் பம்பரில துளை போட்டுக் குண்டு (ரெயிலரைக் கொழுவுற இரும்பு உருண்டை) பூட்டுறது. ரெண்டாவது, பட்டறையில இரும்பால செய்து, உழவு இயந்திரத்துக்கு இருக்கிற மாதிரித் துளைக்குள்ள இரும்புப் பின் (pin) குத்துற அமைப்பு வைக்கிறது. மூண்டாவது, வெளிநாட்டில இருந்து வாற ரெண்டு அங்குல றிசீவர் ஹிச் (வாகனத்தின்ர அடியில பூட்டுற சதுரக் குழாய், குண்டைத் தாங்கிற துண்டு அதுக்குள்ள செருகும்). விலையில நல்ல வித்தியாசம் இருக்கு. எது சரி, ஏன் சரி எண்டு விளக்கமாச் சொல்லுங்கோ. வாகனத்தின்ர கையேட்டில பிறேக் உள்ள ரெயிலருக்கு 3,500 கிலோ, பிறேக் இல்லாததுக்கு 750 கிலோ எண்டு இருக்கு.


பட்டறை77

எடையை நிறுத்துக்கொண்டு வந்து கேக்கிறீங்கள், அரைவாசி வேலை முடிஞ்சுது.

முதலாவது யோசனையை இப்பவே விடுங்கோ. டபுள்கப்பின்ர பின் பம்பர் மெல்லிய தகடு. ஏறி நிண்டு சாமான் எடுக்கவும் லேசான இடியைத் தாங்கவும் செய்தது. சில வாகனங்களுக்கு இழுக்கிறதுக்கெண்டே சேசியோட (வாகனத்தின்ர அடிச்சட்டம்) பூட்டின கனமான படிப் பம்பர் வரும். அதில எத்தினை கிலோ எண்டு பொறிச்சிருக்கும். பொறிக்காத பம்பரில குண்டு பூட்டினால் துளையைச் சுத்தித் தகடு நெளிஞ்சு நெளிஞ்சு களைச்சு வெடிக்கும். வெடிப்பு வொஷருக்குக் கீழ தொடங்குறதால கிழியிற அண்டு மட்டும் கண்ணில படாது.

இனி எண் கணக்கு. ஐரோப்பிய முறை ஹிச் எண்டால் அதில ஒட்டின தகட்டில ரெண்டு எண் இருக்கும். டி எண்டது இழுவை, கிலோநியூட்டனில. எஸ் எண்டது குண்டில செங்குத்தா இறங்கிற பாரம், கிலோவில. உங்களுக்கு வேண்டிய டி எவ்வளவு எண்டு நீங்களே பார்க்கலாம். வாகனத்தின்ர உச்ச எடையையும் ரெயிலரின்ர எடையையும் தொன்னில எழுதி, ரெண்டையும் பெருக்கி, 9.81 ஆல பெருக்கி, ரெண்டின்ர கூட்டுத்தொகையால வகுக்க வேணும். உங்கட தட்டு ரெயிலருக்கு 9.81 × 3.0 × 2.4 ÷ 5.4 = 13.1. வள்ளத்துக்கு 9.81 × 3.0 × 1.3 ÷ 4.3 = 8.9. கையேட்டில சொன்ன 3,500 கிலோவுக்குப் போனால் 15.9. அதால 16 கிலோநியூட்டனுக்குக் குறையாத ஹிச் வாங்கினால் பிறகு ஒருநாளும் மாத்தத் தேவையில்லை.

அமெரிக்க முறை ஹிச் எண்டால் வகுப்பு எண்டு போட்டிருக்கும், எடை இறாத்தலில. 2 ஆம் வகுப்பு 3,500 இறாத்தல், அதாவது 1,588 கிலோ. வள்ளத்துக்குக் காணும், எக்ஸ்கவேட்டருக்குக் காணாது. 3 ஆம் வகுப்பிலதான் கவனம் வேணும். பழைய வரையறையின்படி 5,000 இறாத்தல், கடையில விக்கிற சிலதில 8,000 எண்டு இருக்கும். 5,000 எண்டால் 2,268 கிலோதான். உங்கட 2,400 அதுக்கு மேல போகுது. வகுப்புப் பேரைப் பார்த்து வாங்காதேங்கோ, ஒட்டியிருக்கிற எண்ணைப் பாருங்கோ. 4 ஆம் வகுப்பு 10,000 இறாத்தல், 4,536 கிலோ. அங்கத்தைய பெரிய பிக்கப்புகளுக்கு 2½ அங்குலம், 3 அங்குல றிசீவரும் வருது. எங்கட சைஸ் வாகனத்துக்கு அது வீண் இரும்பு. ரெண்டு அங்குலம் போதும்.

அடுத்தது எல்லாரும் கவனிக்காமல் விடுற விசயம். ஹிச், குண்டு, குண்டைத் தாங்கிற நீட்டுத் துண்டு, ரெயிலரின்ர கப்ளர் (குண்டை மூடிப் பிடிக்கிற வாய்), சங்கிலி, வாகனம் எண்டு ஆறுக்கும் ஆறு எண் இருக்கு. ஆகச் சின்ன எண்தான் உங்கட எண். 4,500 கிலோ ஹிச்சில 1,500 கிலோ குண்டைப் பூட்டினால் அது 1,500 கிலோ ஹிச்.

இரும்பால செய்விக்கிறதைப் பற்றி. எங்கட ஊரில நல்லா வெல்டிங் செய்யக்கூடிய ஆக்கள் இருக்கினம், அதில குறையில்லை. பிழை வாறது எங்கை ஒட்டுறது எண்டதில. சேசியில நேரா ஒட்டினால் அந்தச் சூடு பட்ட இடத்தில உருக்கின்ர குணம் மாறும், ஒட்டின விளிம்பில இருந்து வெடிப்பு ஓடும். ஹிச்சை ஒட்டிச் செய்யலாம், சேசியோட போல்ற்றாலதான் பூட்ட வேணும். கொம்பனி போட்டு விட்ட துளைகள் சேசியின்ர பின்பக்கம் இருக்கும், அதையே பாவியுங்கோ. புதுத் துளை வேணுமெண்டால் சேசியின்ர பக்கச் சுவரில மட்டும், துளைக்கிற மெசினால. மேல் மடிப்பிலயும் கீழ் மடிப்பிலயும் ஒரு துளையும் கூடாது, வளையிற விசை முழுக்க அந்த ரெண்டு இடத்தாலதான் ஓடுது. காஸால துளை ஊதவே கூடாது.

சேசி பெட்டி வடிவமா இருந்தால் போல்ற்றை இறுக்கேக்கை சுவர் உள்ளுக்கு அமுங்கும். அமுங்கினால் இறுக்கம் நிக்காது, நூறு கிலோமீற்றரில தளரும். அதுக்குத்தான் உள்ளுக்குக் குழாய்த் துண்டு வைக்கிறது. போல்ற் எம்12 (12 மில்லிமீற்றர் தடிப்பு) எண்டால் உள் விட்டம் 13 மில்லிமீற்றர், சுவர் 3 மில்லிமீற்றருக்குக் குறையாத குழாய், சேசியின்ர உள் அகலத்துக்குச் சரியா வெட்டினது.

போல்ற் தலையில அதின்ர பலத்தைக் காட்டுற 8.8 அல்லது 10.9 எண்ட எண் பொறிச்சிருக்க வேணும். பொறிப்பில்லாதது வேலிக்குத்தான் உதவும். கறள் பிடிக்காது எண்டு சிலர் ஸ்டெயின்லெஸ் போல்ற் போடுவினம். வழமையா விக்கிற ஏ2-70 வகை 8.8 ஐ விட நல்லாக் குறைஞ்ச விசையிலயே நீளத் தொடங்கும், இந்த இடத்துக்கு வேண்டாம். சிங்க் பூசின 8.8 போட்டு மேல மெழுகு அடியுங்கோ. எம்12 இல 8.8 எண்டால் ஏறத்தாழ 80 நியூட்டன் மீற்றர், 10.9 எண்டால் 115. ஹிச் செய்த கொம்பனி வேற எண் தந்திருந்தால் அதுதான் சரி.

ஒரு பக்கத்துக்கு எத்தினை போல்ற் எண்டதை விட, முன் போல்ற்றுக்கும் பின் போல்ற்றுக்கும் இடையில எவ்வளவு தூரம் எண்டது பெரிசு. 240 கிலோ பாரம் கடைசி போல்ற்றில இருந்து அரை மீற்றர் தள்ளி இறங்குது எண்டு வையுங்கோ. போல்ற் இடைவெளி 20 சென்ரிமீற்றர் எண்டால் முன் போல்ற்றுகள் கிட்டத்தட்ட 600 கிலோ விசையைப் பிடிக்க வேணும். இடைவெளி 10 எண்டால் 1,200. குழியில விழுந்து எழும்பேக்கை இதைப் போலப் பல மடங்கு. நல்ல ஹிச்சின்ர பக்கத் தகடு ஏன் அவ்வளவு நீளமா முன்னுக்குப் போகுது எண்டதுக்குக் காரணம் இதுதான். கட்டையான தகட்டோட மலிவா ஒண்டு காட்டினால் வாங்காதேங்கோ.

பூட்டுறதுக்கு முதல் ஸ்பெயார் சில்லை இறக்கிப் பாருங்கோ. ஹிச்சின்ர குறுக்குக் குழாய் சில்லு இறங்கிற வழியை மறிச்சால், ஏ9 இல காத்துப் போற அண்டைக்குத்தான் தெரியவரும்.


அணியம்

வள்ளப் பக்கம் நான் சொல்லுறன்.

மாட்டு வண்டியில முன்பாரம், பின்பாரம் எண்டு சொல்லுவினமே, இஞ்சையும் அதேதான். முன்பாரம் கூடினால் மாட்டின்ர கழுத்து நோகும், பின்பாரம் கூடினால் நுகம் மேல தூக்கும். ரெயிலரில பின்பாரம் கூடினால் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல வால் ஆடத் தொடங்கும். ஆனையிறவு வெளியில சோளகக் காத்துப் பக்கவாட்டில அடிக்கேக்கை அந்த ஆட்டம் நிக்காது, கூடிக்கொண்டு போகும்.

தட்டு ரெயிலருக்கு மொத்த எடையில 10 முதல் 15 வீதம் குண்டில இருக்க வேணும். 2,400 எண்டால் 240 இல இருந்து தொடங்குது. வள்ள ரெயிலருக்கு 7 முதல் 10 வீதம் காணும், உங்களுக்கு 90 முதல் 130 கிலோ.

வள்ளத்தில பிழை வாறது அமரத்தில (வள்ளத்தின்ர பின்பக்கம்) தொங்கிற இஞ்சினால. இஞ்சின் 80 கிலோ, அச்சில இருந்து 2.5 மீற்றர் பின்னுக்கு, அச்சில இருந்து கப்ளர் 4.5 மீற்றர் எண்டு வையுங்கோ. 80 × 2.5 ÷ 4.5, குண்டில 44 கிலோ குறையுது. 40 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 30 கிலோ, அதையும் அமரத்தில வைச்சால் இன்னும் 17 கிலோ போகும். இஞ்சின் பூட்டாமல் அளந்து 110 கிலோ இருக்குது எண்டு சந்தோசப்பட்டால், கடலுக்குப் போற அண்டு அது 50 கிலோதான். கடலுக்குப் போற கோலத்தில, வலையும் ஐஸ் பெட்டியும் வழமையான இடத்தில இருக்க அளக்க வேணும்.

அளக்கிற விதம்: ஆள் நிறுக்கிற தராசு 120 கிலோவுக்கு மேல காட்டாது. ஒரு பலமான மரச்சட்டம் எடுத்து ஒரு நுனியைக் கல்லில வையுங்கோ, மற்ற நுனியைத் தராசில. ரெண்டு தாங்கிக்கும் இடையில சரியா 3 அடி. கல்லில இருந்து 1 அடி தள்ளி, கப்ளரின்ர கழுத்தை ஒரு குழாய்த் துண்டால சட்டத்தில இறக்குங்கோ. தராசு காட்டுறதை 3 ஆல பெருக்கினால் அதுதான் முன்பாரம். வெறும் சட்டத்துக்குத் தராசு காட்டினதை முதலே கழிச்சுப் போடுங்கோ. நிலம் மட்டமா இருக்க வேணும், சில்லுக்கு ரெண்டு பக்கமும் கல்லு வைக்க வேணும், ரெயிலர் ஓடேக்கை நிக்கிற உயரத்திலயே கப்ளர் நிக்க வேணும்.

குறைவா வந்தால் வள்ளத்தை இழுத்து ஏத்துற வின்ச் தூணை முன்னுக்கு நகர்த்தி அணியத்தை (வள்ளத்தின்ர முன்பக்கம்) முன்னுக்கு எடுங்கோ. ஆனால் வள்ளத்தின்ர அமரப் பலகை பின் உருளையை விட்டு முன்னுக்கு வந்து தாங்கில்லாமல் நிக்கக் கூடாது, அடி வளைஞ்சு போகும். வழியில்லாட்டி அச்சைப் பின்னுக்குத் தள்ள வேணும்.

எக்ஸ்கவேட்டரில இது இன்னும் கூர்மை. 1,700 கிலோ மெசின் 10 சென்ரிமீற்றர் முன்னுக்கு வந்தால், அச்சில இருந்து கப்ளர் 3.2 மீற்றர் எண்டால், குண்டில 53 கிலோ கூடும். ஒருக்கா அளந்து சரியான இடத்தைக் கண்டு, தட்டில மஞ்சள் பெயின்றால கோடு கீறி விடுங்கோ. மெசின் உருளுற சங்கிலிப் பெல்ற் அந்தக் கோட்டில நிக்க வேணும்.

கடலுக்குள்ள இறக்கிறதுக்கு முதல் லைற் வயரைக் கழட்டுங்கோ. ஓடி வந்த சூட்டோட சில்லுக் குடத்தைத் தண்ணியில தாட்டால் உள்ள இருக்கிற காத்துச் சுருங்கி உப்புத் தண்ணியை உறிஞ்சும், பேரிங் ரெண்டு மாதத்தில போகும். கையை வைச்சுச் சூடு ஆறும்வரைக்கும் பொறுங்கோ. வந்த பிறகு நல்ல தண்ணியால ஹிச், குண்டு, பிறேக், வில்லுத்தகடு எல்லாம் கழுவுங்கோ. றிசீவருக்குள்ள இருக்கிற நீட்டுத் துண்டைக் கழட்டி வையுங்கோ. உள்ளேயே விட்டால் கறள் பிடிச்சு ஒட்டி, பிறகு சுத்தியலாலயும் வராது.


ஏர்க்கால்

நான் ரெண்டாவது யோசனைக்கு ஆதரவு. பின் குத்துற அமைப்பு எங்கட இடத்தில எல்லா உழவு இயந்திரத்திலயும் இருக்கு. எந்தப் பெட்டியையும் கொழுவலாம், உதிரிப்பாகம் தேடித் திரியத் தேவையில்லை. தட்டு ரெயிலருக்கு அதை வைச்சால் என்ன பிழை?


பட்டறை77

உழவு இயந்திரத்துக்கு அது நல்ல அமைப்புத்தான், வேகம் 20, 25 கிலோமீற்றர். இரும்புப் பின்னுக்கும் துளைக்கும் இடையில 5, 6 மில்லிமீற்றர் ஆட்டம் இருக்கும். 60 இல ஓடுற டபுள்கப்பில பிறேக் அடிக்கேக்கை ஒருக்கா, விடேக்கை ஒருக்கா 2,400 கிலோ அந்த இடைவெளிக்குள்ள முட்டும். முட்டுற ஒவ்வொரு தரமும் சேசி போல்ற்றுக்குத்தான் அடி. மற்றது, பின் அமைப்பு பக்கவாட்டில உருள விடாது. ஒரு சில்லு வாய்க்கால் கரையில ஏறினால் ரெயிலர் தன்ர முன் நீட்டுச் சட்டமான ஏர்க்காலையே முறுக்கும்.

உங்களுக்கு வளையம் கொழுவுற வகைதான் வேணுமெண்டால் அதுக்கெண்டே பிண்டில் கொழுக்கி இருக்கு. மேல் தாடை மூடிப் பூட்டும், வளையத்தின்ர உள் விட்டம் வழமையா 3 அங்குலம். காட்டு வழி, குழி, மணல், கட்டுமான வேலை எண்டால் குண்டை விட அது மேல், எல்லாத் திசையிலயும் கூடுதலாத் திரும்பும், மண் பட்டாலும் பூட்டுப் பிடிக்காது. சத்தம் இருக்கும், குலுக்கம் இருக்கும். குண்டும் கொழுக்கியும் சேர்ந்த ஒண்டும் விக்குது. அதில குண்டாப் பாவிச்சால் ஒரு எண், கொழுக்கியாப் பாவிச்சால் வேற எண், ரெண்டையும் வாசியுங்கோ.

டபுள்கப்பின்ர பின் பெட்டிக்குள்ள பூட்டுற ஐந்தாம் சில்லு, வாத்துக் கழுத்து வகைகள் பின் அச்சுக்கு நேர் மேல பாரத்தை வைக்கும். அதால ரெயிலரின்ர 15 முதல் 25 வீதம் வரை தாங்கலாம். 3,500 கிலோவுக்கு உள்ள இழுக்கிற டபுள்கப்புக்கு அது பெட்டியைப் பழுதாக்கிற வேலை. வடலிக்குத் தேவையில்லை.


வல்லை வெளி

கையேட்டில 3,500 எண்டு கிடக்கு, இழுக்கிறது 2,400. ஏன் இவ்வளவு கணக்கு?


பட்டறை77

அந்த 3,500 ரெயிலரில பிறேக் இருந்தால் மட்டும். பிறேக் இல்லாட்டி 750. வடலியின்ர ரெண்டு ரெயிலரும் 750 க்கு மேல, வள்ளமும் சேர்த்து. ஆகவே ரெண்டிலயும் பிறேக் கட்டாயம்.

மற்றது வாகனத்தின்ர சொந்த 3,000. வெறும் எடை 2,050, மிச்சம் 950. குண்டில 240 போனால் 710. ஹிச் 35, மிச்சம் 675. அஞ்சு பேர் ஆளுக்கு 70 கிலோ எண்டால் 350. மிஞ்சுறது 325 கிலோ. டீசல் கான் ரெண்டும், பக்கெட் ஒண்டும், வேலைச் சாமான் பெட்டியும் பின்னுக்கு ஏத்தினால் முடிஞ்சுது.

இன்னொண்டு: குண்டு பின் அச்சுக்கு 1.2 மீற்றர் பின்னுக்கு இருந்தால், 240 கிலோ அங்க அமத்தேக்கை முன் சில்லில 93 கிலோ குறையும், பின் அச்சில 333 கூடும். நீட்டுத் துண்டை 20 சென்ரிமீற்றர் கூட நீளமா எடுத்தால் முன்னால 108 குறையும். மழை நாளில ஸ்ரியறிங் லேசாப் போறது அதாலதான். பின் கதவு திறக்கேக்கை இடிக்காத அளவுக்கு மட்டும் நீளம் எடுங்கோ, ஒரு அங்குலமும் கூட வேண்டாம்.

பிறேக் வகையில, முட்டித் தள்ளுற விசையால வேலை செய்யிற ஓவர்றன் கப்ளர் உங்களுக்கு லேசு. வள்ள ரெயிலருக்கு ஹைட்ரோலிக் ஓவர்றன். காந்தத்தால வேலை செய்யிற மின் பிறேக் உப்புத் தண்ணியில நிக்காது. ஓவர்றன் வாங்கேக்கை பின்னுக்கு எடுக்கேக்கை தானா விடுற வகையா எண்டு கேளுங்கோ. இல்லாட்டி வள்ளத்தைத் தண்ணிக்கு இறக்க றிவேர்ஸ் போட்ட உடன பிறேக் பிடிச்சுக்கொண்டு நிக்கும்.


வடலி

எல்லாருக்கும் மிச்ச நன்றி. றிசீவர் எண்டு முடிவு, சேசியின்ர கொம்பனித் துளையிலயே வருது. சட்டம் வைச்சு அளந்தன். தட்டு ரெயிலர் 255 கிலோ. வள்ளம், இஞ்சினோட, 62 கிலோ. வின்ச் தூணை 15 சென்ரிமீற்றர் முன்னுக்கு எடுத்த பிறகு 104.

ரெண்டு கேள்வி மிச்சம். வள்ளத்தின்ர கப்ளரில 50 மில்லிமீற்றர் எண்டு பொறிச்சிருக்கு, தட்டு ரெயிலரில 2 அங்குலம். ஒரே குண்டு பாவிக்கலாமோ? லைற் பிளக் ஏழு முள்ளு (பின்) உள்ள வட்டம், வயர் நிறங்கள் ஒண்டோட ஒண்டு ஒத்துவரேல்லை.


அணியம்

ஒரே குண்டு வேண்டாம். 2 அங்குலம் எண்டால் 50.8 மில்லிமீற்றர். 50 க்குச் செய்த கப்ளரை அதில அடிச்சு இறக்கினால் இறுகிப் பிடிக்கும், வளைவில திரும்பாமல் கழுத்தை முறுக்கும், பூட்டு முழுக்க மூடாமலும் விடும். 2 அங்குலக் கப்ளரை 50 குண்டில வைச்சால் மூடும், ஆனால் தொளதொளப்பா இருக்கும். குண்டு தேய்ஞ்சு, கப்ளரும் தேய்ஞ்சு போனால் குழியில துள்ளி வெளியில வரும். இன்னும் ஆபத்து 1⅞ அங்குலக் குண்டு, 47.6 மில்லிமீற்றர். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, 2 அங்குலக் கப்ளர் அதில வடிவாப் பூட்டிக் கிளிக் எண்டும் சொல்லும், முதல் வேகத்தடையில கழரும். பழைய ஜப்பான் வாகனங்களோட வாற குண்டுகளை வேர்ணியர் அளவுகோலால அளக்காமல் பாவிக்காதேங்கோ.

ரெண்டு நீட்டுத் துண்டு வாங்குங்கோ, ஒவ்வொண்டிலயும் ஒவ்வொரு குண்டு நிரந்தரமா இறுக்கினபடி. உயரமும் ரெண்டுக்கும் வேற வேறதான் வரும். பாரம் ஏத்தின பிறகு குண்டின்ர நடு நிலத்தில இருந்து 350 முதல் 420 மில்லிமீற்றர் எண்டது ஐரோப்பிய அளவு, ரெயிலர்காரர் அதை வைச்சுத்தான் செய்யினம். நாலு சில்லும் இழுக்கிற டபுள்கப் உயரம், றிசீவர் அதுக்கு மேல நிக்கும், ஆகவே கீழ இறங்கின துண்டு தேவைப்படும். மட்டக் கோல் வைச்சு ரெயிலர் தட்டு நேரா நிக்குதோ எண்டு பாருங்கோ. மூக்கு மேல தூக்கி நிண்டால் ரெண்டு அச்சு ரெயிலரில பின் அச்சு மட்டும் பாரம் தூக்கும், அந்தப் பக்க ரயர் சூடாகி வெடிக்கும்.

நீட்டுத் துண்டைப் பட்டறையில வெட்டி ஒட்ட வேண்டாம் எண்டு கேட்டுக்கொள்ளுறன். கடையில கிடைக்கிற 50 மில்லிமீற்றர் பெட்டிக் குழாய் றிசீவரின்ர 50.8 க்குள்ள ஆடும். சுவர் 3 மில்லிமீற்றர்தான், இரும்புப் பின் குத்துற துளையில நசுங்கி நீள்வட்டமா வரும். வாங்கிறது முழு இரும்பா, இல்லாட்டி தடிச்ச சுவரா, எடை பொறிச்சதா இருக்க வேணும். குறுக்கால போற இரும்புப் பின் ⅝ அங்குலம். ½ அங்குலப் பின்னும் உள்ள போகும், அதுதான் ஆபத்து.

50 குண்டு 49 மில்லிமீற்றருக்குத் தேய்ஞ்சால் எறியுங்கோ. ரெண்டு மூண்டு திசையில அளவுங்கோ, முன் பக்கமும் பின் பக்கமும்தான் கூடத் தேயும். கிறீஸ் மெல்லிசாப் பூசினால் போதும். கடற்கரை மணல் அதில ஒட்டி அரம் மாதிரி அராவும், அதால ஒவ்வொரு தரமும் துடைச்சுப் போட்டுப் புதுசாப் பூசுங்கோ. கப்ளருக்குள்ள உராய்வுப் பட்டி இருக்கிற வகை எண்டால் கிறீஸே கூடாது.


மின்கம்பி

ஏழு பின் வட்டப் பிளக் ஐஎஸ்ஓ 1724 (ரெயிலர் பிளக்குக்கான சர்வதேச நியமம்) ஒழுங்கில் இருந்தால் இப்படி: 1 இடது சிக்னல், மஞ்சள். 2 பின் பனி விளக்கு, நீலம். 3 பூமி (எர்த்), வெள்ளை. 4 வலது சிக்னல், பச்சை. 5 வலது பின் விளக்கு, பழுப்பு. 6 பிறேக் விளக்கு, சிவப்பு. 7 இடது பின் விளக்கு, கறுப்பு. இலக்கம் பிளக்கின் உள்ளேயே சிறிதாகப் பொறித்திருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம். ஜப்பானிய வாகன வயர் நிறம் வேறு, ரெயிலரை முன்பு யார் எந்த வயரால் ஒட்டினார்கள் என்பதும் தெரியாது. 12 வோல்ற் சோதனை விளக்கை வைத்து, ஒருவர் உள்ளே இருந்து ஒவ்வொன்றாகப் போட, ஒவ்வொரு பின்னாகப் பாருங்கள்.

பூமி வயரைக் குண்டின் வழியாக வரும் என்று விட்டுவிடாதீர்கள். கிறீஸும் கறளும் இருக்கிற குண்டு மின்சாரத்தை ஒழுங்காகக் கடத்தாது. தனியாக 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், சேசியில் பெயின்ற் சுரண்டிய இடத்தில் வளைய முனையோடு. விளக்கு வயர்களுக்கு 1.5 போதும். பிறேக் மிதிக்கும்போது சிக்னல் மங்கலாக எரிந்தால், அல்லது சிக்னல் போடப் பின் விளக்கு துடித்தால், பத்தில் ஒன்பது தடவை பூமிதான் காரணம். மின்சாரம் திரும்பிப் போக வழியில்லாமல் அடுத்த பல்ப் வழியாகப் போகிறது.

புதிய டபுள்கப்பில் பின் விளக்கு வயரை நேராகக் கொத்தி ஒட்ட வேண்டாம். ரெயிலரின் 21 வாற் பல்ப் கூடச் சேர்ந்தால் வாகனத்தின் கணினி அதைக் கோளாறாக எடுத்துக் கொள்ளலாம். ரெயிலருக்கென்று இருக்கிற றிலே பெட்டியை வாங்கி, மின்சாரத்தைப் பற்றரியிலிருந்து 15 அம்பியர் ஃபியூஸ் வழியாக எடுங்கள். அப்போது ரெயிலர் வயர் எங்கேயாவது உரசிச் சோட் ஆனாலும் வாகனத்தின் பின் விளக்கு எரியும். வள்ள ரெயிலருக்கு மூடி அடைத்த எல்ஈடி விளக்கு, அல்லது கழற்றி எடுக்கக்கூடிய விளக்குப் பலகை. பலகை வள்ளத்தின் அமரத்தில் கட்டினால் தண்ணீரைத் தொடாது, என் விருப்பம் அதுதான்.

ஹிச் தகட்டில் எந்த ஒட்டு வேலை செய்வதானாலும் வாகனத்திலிருந்து கழற்றிச் செய்யுங்கள். வாகனத்தில் வைத்தே செய்யத்தான் வேண்டுமென்றால் பற்றரியின் ரெண்டு முனையும் கழற்றி, பூமிக் கவ்வியை ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே கவ்வ வைக்க வேண்டும். தூரத்தில் கவ்வினால் மின்சாரம் பேரிங், ஏபிஎஸ் சென்சர் வழியாக ஓடும்.


ஏர்க்கால்

பட்டறை77 சொன்ன முட்டுற கணக்கு விளங்கிச்சு, பின் அமைப்பு வேண்டாம்தான். சங்கிலியைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை, அதை நான் எழுதுறன். ரெண்டு சங்கிலி, ஒவ்வொண்டும் தனியா ரெயிலரின்ர முழு எடைக்குக் குறையாத முறிவு விசையோட. கப்ளருக்குக் கீழ எக்ஸ் மாதிரிக் குறுக்கப் போடுங்கோ. கப்ளர் கழண்டால் ஏர்க்கால் அந்தத் தொட்டிலில விழும், தார் ரோட்டில குத்தாது. ஹிச்சில இருக்கிற சங்கிலி வளையத்தில கொழுவுங்கோ, குண்டின்ர கழுத்தில சுத்தாதேங்கோ, நீட்டுத் துண்டே கழண்டு போனால் சங்கிலியும் சேர்ந்து போகும். எடை பொறிச்ச ஷக்கிள் (சங்கிலியைக் கொழுவுற பூட்டு வளையம்) பாவியுங்கோ. பிறேக்கை இழுக்கிற கம்பி சங்கிலியை விடக் கட்டையா இருக்க வேணும், அப்பதான் கழண்ட ரெயிலர் தானா நிக்கும்.


பட்டறை77

கடைசியா, பூட்டின பிறகு செய்ய வேண்டியது. 1 அங்குலத் தண்டுக் குண்டுக்கு நட்டு இறுக்கம் ஏறத்தாழ 340 நியூட்டன் மீற்றர், ¾ அங்குலத் தண்டுக்கு 215. கையால, நீளக் குழாய் போட்டு ஊகத்தில இறுக்காதேங்கோ, இறுக்கத்தை அளந்து காட்டுற டோர்க் றெஞ்ச் உள்ள கராஜில செய்யுங்கோ. தண்டு நட்டைத் தாண்டி ரெண்டு புரி வெளியில தெரிய வேணும். துளை பெரிசு, தண்டு சின்னன் எண்டால் வொஷர் போட்டுச் சமாளிக்காதேங்கோ, அதுக்குச் சரியான புஷ் போட வேணும்.

கப்ளரைப் பூட்டின ஒவ்வொரு தரமும் ரெயிலரின்ர முன் சின்னச் சில்லை இறக்கிச் சுத்தி, வாகனத்தின்ர பின்பக்கம் ஒரு அங்குலம் எழும்பும்வரைக்கும் தூக்கிப் பாருங்கோ. கப்ளர் சரியாப் பிடிக்காட்டி அந்த இடத்திலயே கழரும். பிறகு சங்கிலி, பிறேக் கம்பி, விளக்கு.

முதல் 50 கிலோமீற்றரில சேசி போல்ற்றுகளைத் திருப்பி இறுக்கம் பாருங்கோ, பிறகு 500 இல. ஒவ்வொரு போல்ற் தலையில இருந்து தகட்டுக்கு வெள்ளைப் பெயின்றால ஒரு கோடு கீறி விட்டால் குனிஞ்சு பார்த்தாலே திரும்பினது தெரியும். பெயின்ற் வெடிச்ச இடத்தால கறள் தண்ணி வடிஞ்ச கோடு கண்டால், பூசி மூடாமல் கம்பிப் பிறஷால சுரண்டி உள்ள வெடிப்பு இருக்கோ எண்டு பாருங்கோ. கடற்கரையில ஓடுற வாகனம் எண்டால் மாதம் ஒருக்கா.

ரெயிலருக்குத் தனிப் பதிவும் காப்புறுதியும் ஓட்டுநர் பத்திரத்தின்ர வகுப்பும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில கேட்டு முடிச்சுப் போட்டு ரோட்டில இறக்குங்கோ.


வடலி

ரெண்டு நீட்டுத் துண்டு, ரெண்டு குண்டு, றிலே பெட்டி, ஓவர்றன் கப்ளர் எண்டு எழுதியாச்சு. தட்டு ரெயிலருக்கு எவ்வளவு இறக்கம் வேணும் எண்டு இன்னும் அளக்கேல்லை. வெறும் வாகனத்தில அளக்கிறதா, பாரம் ஏத்தினதிலயா?


அணியம்

பாரம் ஏத்தினதில. முதல் வெறும் வாகனத்தில றிசீவரின்ர உயரத்தை எழுதுங்கோ, பிறகு 255 கிலோவுக்குச் சமனாச் சீமெந்துப் பை அஞ்சைப் பின் கதவைத் திறந்து அதில வைச்சு, அல்லது பெட்டியின்ர ஆகப் பின் விளிம்பில வைச்சுத் திரும்ப அளவுங்கோ. பை ஒண்டு 50 கிலோ. குறைஞ்ச உயரத்துக்கும் ரெயிலர் நேரா நிக்கேக்கை கப்ளர் இருக்கிற உயரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் இறக்கம். துண்டு வாங்கேக்கை அதுக்குக் கிட்டின அளவை எடுங்கோ. ரெண்டுக்கும் நடுவில வந்தால் மூக்குக் கொஞ்சம் கீழ போற பக்கத்தை எடுங்கோ.